அரசாணை இல்லாத மானியம்

தொழில் கொள்கை என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை வரிச்சலுகை, மூலதன மானியம், சிப்காட்டில் நிலம், தடையில்லா மின்சாரம். இவை எல்லாவற்றுக்கும் அரசாணை உண்டு, கணக்கு உண்டு. ஆனால் திருப்பூரை வளர்த்த மானியங்களிலேயே பெரியது என்று நான் நினைப்பதற்கு எந்த அரசாணையும் கிடையாது. அது நொய்யல் ஆறு.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத்தை இழைக்குள் தள்ளிவிடுவதோடு உப்பின் வேலை முடிந்துவிடும். துணியில் அது தங்காது. கொட்டிய உப்பு கழிவுநீரோடு வெளியே வந்தே தீரும். முதலில் கட்டிய பொது சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன, கரைந்திருந்த உப்பை எடுக்கவில்லை. பார்வைக்குத் தெளிந்த தண்ணீர்தான், ஆனால் வயலில் பாய்ச்ச முடியாது. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. எந்தத் தண்ணீருக்காக அணை கட்டினார்களோ, அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் நிலை வந்தது.

ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியேறக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்போதும் முழுசாக நடக்கவில்லை. 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். ஆர்.ஓ. சவ்வு ஏற்கெனவே இருந்தது. அதில் மிஞ்சும் உப்புக்கரைசலை என்ன செய்வது என்பதுதான் முடிச்சு. அந்தக் கரைசலைச் சுத்தப்படுத்தி மறுபடி சாயமிடவே பயன்படுத்தலாம் என்று நடைமுறையில் காட்டினார்கள். பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இன்று தண்ணீரை மறுசுழற்சி செய்வதற்கு முன்னுதாரணமாகத் திருப்பூரைச் சொல்கிறார்கள். அந்தப் பெருமை நியாயமானதுதான்.

ஆனால் அந்தப் பெருமை யாருக்குச் சேரும்?

முதலாளிகளை மட்டும் குற்றம் சொல்வது சுலபம். ஆனால், 'நான் மட்டும் செலவு பண்ணினா, பக்கத்துப் பட்டறைக்காரன் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைச்சுக் கொடுப்பான், ஆர்டர் அங்கே போயிடும்' என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. தனிமனித நல்லெண்ணத்தால் இந்தச் சிக்கல் தீராது. எல்லாருக்கும் ஒரே நாளில் பொருந்தும் விதி வேண்டும். அதைப் போட வேண்டிய அரசு தயங்கியது, நீதிமன்றம் போட்டது. அந்தத் தயக்கத்துக்கான வட்டியை உப்பேறிய கிணற்றுக்காரர்களும், பட்டறை மூடியபோது வேலையிழந்த தொழிலாளிகளும் கட்டினார்கள்.

மென்பொருள் துறையில் 'டெக்னிக்கல் டெட்' என்போம். அவசரத்துக்குக் குறுக்குவழியில் நிரல் எழுதினால், பின்னால் அதைச் சரிசெய்யும் உழைப்பு கடனாக நிற்கும். பெரும்பாலும் வாங்கியவர் ஒருவர், அடைப்பவர் இன்னொருவர். எங்கள் வேலையில் அந்த இன்னொருவர் குறைந்தபட்சம் சம்பளம் வாங்குகிறார். ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்தவருக்கு அதுவும் இல்லை.

'நெருக்கடிதான் புதுமையைப் பெற்றெடுக்கும்' என்ற பேச்சு எனக்கு உறுத்துவது இதனால்தான். திருப்பூரில் நெருக்கடி 2011இல் தொடங்கவில்லை. அதற்கு வெகு முன்பே அது ஆற்றங்கரைத் தோட்டங்களில் இருந்தது. பட்டறை வாசலுக்கு அது வந்த பிறகுதான் நாம் அதை நெருக்கடி என்று கூப்பிட்டோம். இலவச ஆறு இருந்தவரை, உப்பை மீட்க வேண்டிய அவசியம் யாருக்கும் கணக்கில் வரவில்லை.

கணக்கு இன்னும் முடியவும் இல்லை. ஆவியாக்கிய பிறகு மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்றும் தலைவலிதான். அடுத்த முறை ஏதாவது ஓர் ஊருக்குத் தொழில் பூங்கா அறிவிக்கும்போது, எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்று கேட்போம். கூடவே இதையும் கேட்க வேண்டும்: யாரிடம் கேட்காமலே இதற்கு மானியம் வாங்கப் போகிறோம்?