தராசின் முன் விசுவாசம்

ஞாயிறுதோறும் நாம் விசுவாச அறிக்கை சொல்கிறோம். அது வாய்ச்சொல்லா, வாழ்வா என்று அறிவது எங்கே? மலையகத்தில் அதற்கோர் இடம் உண்டு: கொழுந்து நிறுக்கும் மடுவம்.

மழையிலும் அட்டைக்கடியிலும் ஒரு தாய் பறித்த கொழுந்து அங்கே தராசில் ஏறுகிறது. நிறை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். ஈரத்துக்கென நியாயமாய்க் கழிப்பது வேறு. கேட்க நாதியில்லை என்று கூடுதலாய்க் கழிப்பது வேறு. அப்படிக் கழித்த கை ஞாயிறன்று பீடத்தின்முன் குவிந்தால் போதுமா? பிடித்துவைத்த கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடும் என யாகப்பர் தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். முள்ளுத் தராசு போய் மின்தராசு வந்தாலும், கணக்கு எழுதும் கை மனிதனுடையதே.

நாட்டின் சட்டமும் ஒரு தராசுதான். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். இயேசு சபைக் குரு பவுல் காஸ்பர்ஸ் 1972-இல் கண்டியில் 'சத்தியோதய' நிலையத்தைத் தொடங்கி, அம்மக்களின் உரிமைக்காக உழைத்தார். செபம் ஒரு பக்கம், நீதி ஒரு பக்கம் என அவர் பிரிக்கவில்லை.

அன்பர்களே, தராசு கணக்கப்பிள்ளையிடம் மட்டுமா உள்ளது? சீட்டுப் பிடிப்பவரிடம் உண்டு. கடனுக்குச் சாமான் தரும் கடைக்காரரிடம் உண்டு. மருமகளுக்குச் சோறு போடும் மாமியாரிடமும் உண்டு. நம்மை எதிர்த்துப் பேச முடியாதவர் நம்முன் நிற்கும் இடமெல்லாம் நம் கையில் தராசு இருக்கிறது. அங்கே நேர்மையாய் நிறுப்போம். கோவிலில் சொன்ன 'ஆமென்' அங்கேதான் நிறைவு பெறும்.