ஐயம் கேட்கும் பிள்ளையும் ஆசாரியரும்



கோடை விடுமுறை கழிந்து பள்ளிக்கூடங்கள் திறந்திருக்கும் இந்நாளில், தாம்பரம் ரயிலடியிலிருந்து முடிச்சூர்ப் பக்கமாகவோ சேலையூர்ப் பக்கமாகவோ நாலடி நடப்பதற்குள், பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நீட் பரீட்சைக்கும் டியூஷன் சொல்லித் தருவதாக அறிவிக்கும் தட்டிகள் எத்தனையோ கண்ணில் படுகின்றன. சென்ற வருஷம் உயர்ந்த மார்க்கு வாங்கிய பிள்ளைகளின் படங்களை அவற்றில் வரிசையாக அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாயிருக்கட்டும். ஆனால், தம் குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது என்று கவலையோடு நிற்கும் தாய் தந்தையருக்கு அந்தப் படங்கள் விடை சொல்லமாட்டா. அவற்றில் தெரிவது மாணாக்கரின் முகமேயன்றி ஆசிரியரின் மனம் அன்று.

அந்த மனத்தை அறியும் வழியை ஒரு பழைய சரித்திரம் காட்டும். நமக்கு மேற்கே, அதிக தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டு அவதரித்த இராமானுஜரின் இளம்பிராயம், தக்க ஆசாரியரைத் தேடி அலைந்த சரித்திரமே ஆகும். காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் வேதாந்த பாடம் சொல்லிவந்த யாதவப்பிரகாசரிடம் அவர் முதலில் சேர்ந்தார். கீர்த்தியை மட்டும் பார்ப்பவர்கள் யாதவரிடந்தான் சேர்த்திருப்பார்கள்; அவ்வளவு பெரிய பண்டிதர். ஒருநாள் குருவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கையில், பகவானுடைய திருக்கண்களை வர்ணிக்கும் சாந்தோக்ய உபநிஷத வாக்கியத்துக்கு அவர் இழிவான உவமை தோன்றப் பொருள் சொல்லக் கேட்டு, பொறுக்கமாட்டாத சிஷ்யனின் கண்ணீர் சுடச்சுட அவர் தொடையில் விழுந்தது. காரணம் கேட்ட குருவிடம், கதிரவனால் மலர்ந்த தாமரை என்று பொருள் கொள்ளலாமே என்று இராமானுஜர் பணிவோடு விண்ணப்பித்தார். பூரிக்க வேண்டிய குருவின் உள்ளமோ பொறாமையால் கறுத்தது. காசி யாத்திரையில் அப்பிள்ளையைக் கங்கையில் ஆழ்த்திவிடவும் அவர் எண்ணினார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன.

யாதவரை விட்டு விலகிய இராமானுஜர், நம் பூவிருந்தவல்லியில் பிறந்து, காஞ்சி வரதனுக்கு விசிறி வீசும் ஆலவட்டக் கைங்கரியம் செய்துவந்த திருக்கச்சி நம்பிகளை அண்டினார். குலத்தால் அந்தணர் அல்லாத அப்பெரியாரையே ஆசாரியராக வரிக்க அவர் விரும்பியும் நம்பிகள் இசையவில்லை. பெருமாளிடம் கேட்டுப்பெற்ற ஆறு வார்த்தைகளில் ஒன்றாகப் பெரிய நம்பியைக் காட்டிக் கொடுத்தார். ‘இந்தப் பிள்ளைக்கு ஏற்றவர் இன்னார்; அவரிடம் போங்கள்’ என்று வருகிற மாணாக்கனைத் திருப்பியனுப்பும் ஆசிரியர் ஒருவர் உங்களுக்குக் கிடைப்பாரானால், அவர் சொல்லும் இடத்துக்குத் தயங்காமல் போகலாம். செங்கற்பட்டைத் தாண்டி, மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில் மகிழ மரத்தடியில் பெரிய நம்பியிடம் இராமானுஜர் வைணவ தீட்சையாகிய பஞ்ச சம்ஸ்காரம் பெற்றது இவ்வாறுதான்.

ஆயினும் அடியேன் மிகவும் போற்றுவது, பின்னர் திருவரங்கத்தில் நிகழ்ந்ததையே. திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டுவருகையில், சில பாசுரங்களுக்கு வேறு பொருள் தோன்றுவதாக இராமானுஜர் விண்ணப்பிக்க, ‘நம் ஆசாரியர் ஆளவந்தாரிடம் நாம் இப்படிக் கேட்டதில்லையே, இது விசுவாமித்திர சிருஷ்டி’ என்று, அதாவது மரபில் இல்லாத புதுப்படைப்பு என்று சொல்லி, ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார். செய்தி கேட்டு, ஆளவந்தாரின் மற்றொரு சிஷ்யரான திருக்கோட்டியூர் நம்பி அவ்வளவு தூரம் பிரயாணம் செய்து வந்து, அந்தப் பொருளைத் தாம் ஆளவந்தாரிடம் கேட்டிருப்பதாகவும், சாந்தீபினியிடம் கண்ணன் கற்றது போலவே உம்மிடம் இவர் கற்கிறார் என்றும் எடுத்துச் சொன்னார். ஆண்டான் தெளிந்தார், பாடம் தொடர்ந்தது, பிற்பாடு தம் திருக்குமாரரையே இராமானுஜருக்குச் சிஷ்யராக்கினார்.

கேள்வி கேட்டவர் ஒருவரே. இரண்டு ஆசிரியருக்கும் கோபம் வந்தது. ஒருவருக்கு அது பகையாக முற்றியது. மற்றவருக்கு நியாயம் தெரிந்தவுடன் தணிந்தது. ஆகையால் கோபமே வராத ஆசிரியரைத் தேடிப் பயனில்லை. கோபம் ஆறியபின் அந்தப் பிள்ளையின் கேள்விக்குத் திரும்பி வருகிறாரா என்பதையே பார்க்கவேண்டும். வயது முதிர்ந்தபின் வீணையோ வடமொழியோ கற்கப் புகும் பெரியவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

பெற்றோர்களே, வருஷச் சம்பளத்தை மொத்தமாகக் கட்டுவதற்குமுன், ஒரு வாரம் குழந்தையை அந்த வகுப்பில் உட்காரவைக்க அனுமதி கேளுங்கள். மாலையில் வீடு திரும்பியதும் மார்க்கை விசாரிக்காமல், ‘இன்றைக்கு என்ன சந்தேகம் கேட்டாய், அவர் என்ன சொன்னார்?’ என்று விசாரியுங்கள். கேட்கவே பயமாயிருக்கிறது என்று நாள்தோறும் குழந்தை சொல்லுமாயின், வேறு ஆசிரியரைத் தேடக் கூச்சப்படாதீர்கள். முதல் ஆசிரியரை விட்டு விலகியவர்தாம் இராமானுஜரும்.