பொறுதியின் அளவு

ஆயுத பூஜை அன்று பெங்களூரு ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டில், பாடப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அப்பாவின் வெர்னியர் காலிப்பரும் பூஜையில் இருக்கும். அப்பா தூரவாணிநகர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் டூல்ரூம் ஃபிட்டர். வெர்னியருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார், ஆனால் சட்டத்தில் மட்டும். தாடையில் ஒரு துளி பட விடமாட்டார். "அளக்குற இடத்துல பொட்டு வெச்சா அது பொய் சொல்லும்டா" என்பார்.

இன்று நான் பையப்பனஹள்ளியில் மெட்ரோ ஏறி ஒயிட்ஃபீல்டு போகிறேன். சிப் தயாரிக்கும் இயந்திரங்களுக்கு வெற்றிட சேம்பர் வடிவமைக்கும் குழுவுக்குத் தலைவன். பதினோரு பேர். அவர்கள் போடும் ஒவ்வொரு டிராயிங்கிலும் கடைசிக் கையெழுத்து என்னுடையது. அந்தக் கட்டத்தில் பெயர் போடும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: பிறர் பிழையைப் பொறுப்பது அறமா, கடமை தவறுவதா?

திருக்குறளில் பொறையுடைமை 16ஆம் அதிகாரம், குற்றங்கடிதல் 44ஆம் அதிகாரம். ஒன்று பொறுக்கச் சொல்கிறது, மற்றது குற்றத்தை நீக்கச் சொல்கிறது. இரண்டும் எதிரெதிர் என்றே பல காலம் நினைத்திருந்தேன். என்னைத் திருத்தியது ஒரு ரப்பர் வளையம்.

சேம்பரின் மூடி காற்றுப் புகாமல் அமர, பள்ளம் வெட்டி அதில் ஓ-ரிங் வைப்போம். அந்த வளையத்தின் தடிமன் 5.33 மி.மீ. அதுவும் 0.13 கூடலாம், குறையலாம்; அப்படி விடும் இடம்தான் டாலரன்ஸ். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமான ஒரு தம்பி, பள்ளத்தின் ஆழத்துக்கு டாலரன்ஸ் கொடுத்தான். வளையத்தின் டாலரன்ஸைக் கணக்கில் சேர்க்க மறந்தான். நானும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டேன். வளையம் மெலிந்து, பள்ளம் ஆழமாகி, மூடியும் லேசாக வளைந்து, மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டன. ஹீலியம் கசிவுச் சோதனையில் மூன்று சேம்பர்கள் தோற்றன.

கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால், "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். "ரிங்கும் மாறும்னு தோணல சார்" என்றான், மேசையைப் பார்த்தபடி.

அன்றிரவு அப்பாவின் பட்டறைப் பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. துளை சிறிதாகிவிட்டால் மறுபடி குடையலாம். பெரிதாகிவிட்டால் போனது போனதுதான். நான் சொன்ன சொல் பெரிதாகிப்போன துளை. உலோகம் பிழை செய்யும் என்று ஒத்துக்கொண்டவன் ரப்பரை மறந்தான். உலோகத்துக்கும் ரப்பருக்கும் இடம் விடுகிற நான் மனிதனை மறந்தேன்.

50 மி.மீ. துளையை மிகச்சரியாக 50-க்கு எவராலும் குடைய முடியாது. ஆகவே எச்7 என்று சேர்த்து எழுதுகிறோம்: 50-க்குக் குறையக் கூடாது, 25 மைக்ரான் வரை கூடலாம். ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரி சூடேறினாலே சுமார் 23 மைக்ரான் நீளும்; அதனால்தான் அளவை 20 டிகிரியில் கணக்கிடுவது என்று உலகமே பேசிவைத்திருக்கிறது. டாலரன்ஸ் என்பது பிழை நடந்த பிறகு காட்டும் இரக்கம் இல்லை. வெட்டுமுன்னே கொடுத்துவிட்ட பொறுதி. அதன் எல்லையை வைப்பது என் மனநிலை இல்லை, அந்தத் துளை செய்ய வேண்டிய வேலை.

ஸ்காட்லாந்தின் டார்பிடோ தொழிற்சாலையில் பொறியாளர் ஸ்டான்லி பார்க்கர் கண்டதும் இதைத்தான். துளையின் மையம் சதுர எல்லைக்குள் விழ வேண்டும் என்ற விதியால் நல்ல பாகங்களும் கழிக்கப்பட்டன. அதே சதுரத்தின் மூலைகளைத் தொடும் வட்டத்தை எல்லையாக்கினால் 57 சதவீதம் கூடுதல் இடம் கிடைக்கும், பாகமும் பொருந்தும். கண்மூடித்தனமான கண்டிப்பு துல்லியம் ஆகாது.

பிழைக்குப் பிறகு மன்னிக்கும்போது மன்னிப்பவன் ஒரு படி மேலே நிற்கிறான். முன்னமே இடம் விட்டவனுக்கு அந்த உயரம் தேவைப்படுவதில்லை. பொறையுடைமை தன்னை வெட்டுபவரைத் தாங்கும் நிலத்தைச் சொல்லித் தொடங்குகிறது. நிலம் வெட்டு விழுந்த பிறகு யோசித்துத் தாங்குவதில்லை. குற்றங்கடிதலோ அரசியல் என்ற இயலில் வருகிறது. ஆள்பவன் முதலில் தன் குற்றத்தை நீக்க வேண்டும் என்கிறது. பொறுதி அவர்களுக்கு, கண்டிப்பு எனக்கு. இதில் முரண் எங்கே?

மறுநாள் அதே பத்துப் பேர் முன்னால், அந்தக் கையெழுத்து என்னுடையது என்றும், நேற்றுப் பேசியது தவறு என்றும் சொன்னேன். சரிபார்ப்புப் பட்டியலில் ஓ-ரிங் டாலரன்ஸ் ஒரு வரியாகச் சேர்ந்தது. டிராயிங் என்னிடம் வருமுன் இன்னொருவர் கணக்கைப் போட்டுப் பார்க்க இரண்டு நாள் ஒதுக்கினோம். கசிந்த சேம்பர்களுக்குச் சலுகை எதுவும் இல்லை. சரிசெய்து மறுசோதனையில் தேறிய பிறகே அனுப்பினோம்.

எதையும் அளக்குமுன் அப்பா வெர்னியரின் தாடைகளை மூடி, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். நடுவே ஒளிக்கீற்று தெரிந்தால் முதலில் தாடைகளைத் துடைப்பார். அதற்குப் பிறகே பாகத்தைக் கையில் எடுப்பார்.