பிடித்து விடுதலும் பிடித்ததை விடுதலும்

ஸ்பின்னிங் ரீல்களை ஒப்பிடும்போது தூண்டில்காரர்கள் முதலில் பார்ப்பது அளவு, கியர் விகிதம், டிராக். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஏரிகளில் கிடைக்கும் ஜிலேபிக்கும் சிறு கெண்டைக்கும் 1000 முதல் 2500 வரையிலான ரீல் போதும். கோரைக்குள் பதுங்கும் விராலை வெளியே இழுக்க 4000 வேண்டியிருக்கும். கியர் விகிதம் 5.2:1 என்றால், கைப்பிடியை ஒருமுறை சுற்றுவதற்குள் நூலைச் சுருட்டும் பகுதி ஐந்து சுற்றுக்குச் சற்று மேல் ஓடும். 6.2:1 இன்னும் வேகமாகச் சுருட்டும். ஆனால் கனத்த மீன் மாட்டினால் கை வலிக்கும்.

இவற்றில் அறத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது டிராக்தான். ஸ்பூலுக்குள் அடுக்கிய வட்டத் தகடுகள் ஒன்றோடொன்று உரசி, மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கின்றன. ஒரகடத்து ஆலையில் மோட்டார் சைக்கிளுக்கு கிளட்ச் பிளேட் மாட்டுபவருக்கு இந்த உரசலின் கணக்கு பழகியதுதான். 4 கிலோ தாங்கும் நூலுக்கு டிராக்கை ஏறத்தாழ 1 கிலோவில் வைப்பது வழக்கம். மட்டமான டிராக் முதலில் ஒட்டிக்கொள்ளும், பிறகு வெடுக்கென்று விடும். அந்த வெடுக்கில் நூல் அறுந்தால், மீன் வாயில் முள்ளோடு போய்விடும்.

ஸ்பின்னிங் ரீலின் பிறப்பே ஆலையோடு சேர்ந்தது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி நூல் ஆலை நடத்திய ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த், நூற்கண்டின் நுனி வழியாக நூல் தடையின்றிக் கழன்று வருவதைத் தூண்டிலுக்குக் கொண்டுவந்து, 1905இல் காப்புரிமை பெற்றார்.

ரீலின் தரத்தை மீனின் பக்கம் நின்றும் அளக்கலாம், அளக்கவும் வேண்டும். மெல்லிய நூலில் பெரிய மீனை நெடுநேரம் ஆடவிட்டுக் களைக்கவைப்பதைத் திறமை என்று சிலர் கொண்டாடுகிறார்கள். அந்த நேரமெல்லாம் மீனுக்கு வதை. ரெயின்போ ட்ரவுட் மீனின் முகத்திலும் வாய்ப்பகுதியிலும் ஊறு உணரும் நரம்பு முனைகள் இருப்பதை லின் ஸ்னெடன் குழுவினர் 2003இல் காட்டினர். அதை வலி என்றே சொல்லலாமா என்ற விவாதம் ஓயவில்லை. ஐயம் இருக்கும் வரை அதன் பலன் மீனுக்கே சேரவேண்டும்.

அப்படியானால், உண்ணாமல் திரும்ப விட்டுவிடுவதற்காகவே பிடிப்பது சரியா? 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்ததாக மரபு சொல்லும் ராமானுஜரின் விசிஷ்டாத்வைதத்தில், உயிர்கள் எல்லாம் ஈசுவரனுக்கு உடல். அந்த நோக்கில் முள்ளில் துடிக்கும் கெண்டையும் அவனுக்குப் புறம்பான பொருள் அல்ல. சமணமோ மனமறிந்து செய்யும் கொலையையும் வதையையும் சங்கல்ப ஹிம்சை என்று தனியே பிரித்து, இல்லறத்தாருக்கும் விலக்குகிறது. பொழுதுபோக்குத் தூண்டில் அந்தப் பிரிவில் விழும். மீனை மறுபடி நீரில் விட்டதால் அது மாறிவிடாது.

பிடித்த மீனை விடுவது தமிழுக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த மீனவர் அதிபத்த நாயனார், ஒவ்வொரு நாளும் வலையில் பட்ட தலைமீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டார் என்கிறது பெரியபுராணம். வலை வறண்டு, நாளுக்கு ஒரே மீன் கிடைத்த நாட்களிலும் அதையே விட்டார். பசியில் உடல் தளர்ந்த பிறகு பொன்னும் மணியுமான மீன் சிக்கியது, அதையும் விட்டார். விடும்போது அவர் கையிலிருந்து போனது அன்றைய சோறு. விளையாட்டுக்காகப் பிடித்து விடுபவருக்குப் போவது ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டிய இன்பம் முன்பே கிடைத்துவிட்டது. செயல் ஒன்றுபோலத் தெரிந்தாலும் துறப்பு ஒரு பக்கம்தான் இருக்கிறது. வீட்டுக் குழம்புக்காகக் கைத்தூண்டில் போடுபவரை, பிடித்து விடும் பழக்கத்தைக் காட்டிக் கீழாக மதிப்பதில் நியாயம் இல்லை.

பிடிப்பது என்று முடிவானால் செய்யக்கூடியவை உண்டு. மீனைச் சீக்கிரம் கரைசேர்க்கும் அளவுக்கு வலுவான ரீல், சீராக விடும் டிராக், எதிர்முனை இல்லாத முள். மேலே படிந்த வழவழப்புதான் மீனுக்குக் காப்பு என்பதால், தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். விரால் காற்றையும் சுவாசிக்கும். கரையில் சற்றுத் தாங்கும். கட்லா அப்படித் தாங்காது. ஏரி சூடேறி நீரில் ஆக்சிஜன் குறையும் சித்திரை, வைகாசியில் களைத்த கட்லாவை விட்டாலும் பிழைப்பது அரிது. அந்த மாதங்களில் தூண்டிலைப் போடாமல் இருப்பதே அதற்குச் செய்யும் உதவி.