மௌனத்தின் பிரஜைகள்

குருவிநத்தம் போன்ற பாகூர்க் கிராமங்களில், பிரான்ஸுக்குப் போன சொல்தா குடும்பங்களைத் தேசப்பற்றில்லாதவர்கள் என்று ஏசுவது சுலபம். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் இந்திய இணைப்பு பற்றி வாக்களித்தவர்கள் மக்கள் அல்ல, 178 பிரதிநிதிகள். 170 பேர் ஆதரவு. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் அமலானபின், இங்கு பிறந்து வசித்தவர்களில் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடித்தார், எழுதாதவர் இந்தியரானார்.

பென்ஷனுக்காக எழுதினார்கள் என்பார்கள். இருக்கட்டும். எந்த நாடு என்று அவன் ஒரு தடவையாவது யோசித்தான். மற்றவர்களை இந்தியராக்கியது மௌனம். மௌனம் துரோகமல்ல, விசுவாசமும் அல்ல.

நான் அதற்கப்புறம் பிறந்தவன். ஆனாலும், வங்கிக் கவுண்டரில் ஊர்க்காரருக்காக வரிசையை முறித்துவிட்டு தேச ஒற்றுமை பேசும்போது, நிரப்பாத அந்தத் தாள் என் கையிலும் இருக்கிறது.