மாம்பழம் கிடைக்காத பிள்ளை



அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் பூசை முடிந்து விபூதி வாங்கி வரும்போது எங்கள் இளைய மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, மாம்பழப் போட்டியில முருகன் தோத்தவர்தானே? பிறகு ஏன் எங்கட கோயில்ல அவர் நடுவில இருக்கிறார்?"

இக்கதையைப் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்போம்! பிள்ளையார் தாய் தந்தையரைச் சுற்றி வந்து பழம் பெற்றதோடு நாங்கள் கதையை முடித்துவிடுவது வழக்கம். பெற்றோரே உலகம் என்ற பாடம் எங்களுக்கும் வசதியானது அல்லவா? மயிலேறி உலகமெல்லாம் சுற்றி வந்த பிள்ளை வெறுங்கையுடன் நின்றதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் பழனிக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கோபித்து மலையேறிய பிள்ளையைத் தேடி அம்மையும் அப்பனும் பின்னால் போனார்கள். பழம் நீயல்லவா என்று தேற்றினார்கள். அதுவே பழனி என்ற பெயராயிற்று என்பர்.

இங்கே நியூ சவுத் வேல்ஸில் 6ஆம் வகுப்பில் எழுதும் செலக்டிவ் பரீட்சையை அறியாத தமிழ் வீடு இல்லை. அண்மைய ஆண்டுகளில் சுமார் 4,200 இடங்களுக்கு 17,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் விண்ணப்பித்தார்கள். கணக்காளர் புத்தி கழித்துப் பார்க்கிறது: ஏறத்தாழ 13,000 பிள்ளைகளுக்குப் பழம் இல்லை. அவர்களில் ஒருவன் எங்கள் மகன். மூன்று வருடம் சனிக்கிழமைகளில் ரியூஷன். முடிவு வந்தபோது நாங்கள் அவனை ஏசவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். ஏசியிருந்தாலும் பரவாயில்லை என்று பின்னர் தாயிடம் சொன்னானாம்.

எங்கள் பயம் காரணமற்றதல்ல. எங்கள் தந்தையர் காலத்தில், 1971இல் வந்த தரப்படுத்தலில், பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டியிருந்தது. நாங்களோ ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். ஒரு புள்ளி என்பது எங்களுக்கு ஒரு வாழ்க்கை. ஆனால் இந்நாட்டில் செலக்டிவ் கிடைக்காத பிள்ளையும் அயல் அரசுப் பாடசாலையில் படித்து, அதே எச்.எஸ்.சி. எழுதி, அதே பல்கலைக்கழகங்களுக்குப் போகலாம். இதை அறிந்துகொண்டே பழைய பயத்தைப் பிள்ளையின் முதுகில் ஏற்றியவர்கள் நாங்கள்தான்.

போட்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஓட விரும்பும் பிள்ளை ஓடட்டும். எங்கள் நவராத்திரிப் பண்ணிசைப் போட்டியில் மட்டும், கீழ்ப்பிரிவுச் சிறுவருக்கு முதலாம் இரண்டாம் இடங்களை விட்டு, எல்லோரையும் சந்நிதியில் பாட வைத்தால் என்ன? அம்பாள் புள்ளி போடுவதில்லையே.

மகளின் கேள்விக்கு அன்று நாங்கள் பதில் சொல்லவில்லை. காரில் பின்னாலிருந்த மகன்தான் சொன்னான்: "அவரைத் தேடி அப்பாவும் அம்மாவும் மலைக்குப் போனவை எல்லோ, அதுதான்." நாங்கள் கிரேட் வெஸ்டர்ன் பெருந்தெருவைப் பார்த்தபடி காரை ஓட்டிக்கொண்டு வந்தோம்.