நேர்ந்த ஆடும் நிலுவைக் கூலியும்

மார்க்கம் நம்மீது விதிக்காத ஒரு வணக்கத்தை, அல்லாஹ்வுக்காக நாமே நம்மீது கடமையாக்கிக் கொள்வதற்கு நேர்ச்சை என்று பெயர். வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பிறகு அது கடன். நேர்ச்சையை நிறைவேற்றுவதை நல்லோரின் குணங்களில் ஒன்றாகத் திருக்குர்ஆனின் 76ஆவது சூரா எடுத்துரைக்கிறது. ஆனால் நபி (ஸல்) அவர்களோ நேர்ச்சை செய்ய வேண்டாமெனத் தடுத்தார்கள். விதியில் உள்ளதை அது மாற்றாது, கஞ்சனின் கையிலிருந்து கொஞ்சம் வெளிவரச் செய்யும், அவ்வளவே என்ற கருத்தில் அவர்கள் சொன்னதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். தடுத்த காரியத்தைச் செய்துவிட்டால் நிறைவேற்றுவது மட்டும் எப்படிக் கடமையாகும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

மரக்காணம் உப்பளக் கரையை எண்ணிப் பாருங்கள். தை, மாசியில் பாத்தி திருத்தி உப்புநீர் பாய்ச்சுகிறார்கள். வெயில் காய்ந்தால் உப்பு விளையும். கோடையில் ஒரு பெருமழை வந்தாலும் பாத்தியில் விளைந்தது கரைந்து போகும். ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் அந்த ஆண்டு வேலை முடிந்தது. "யா அல்லாஹ், உப்பு லாரி ஏறும் வரை மழை வராதிருந்தால் ஓர் ஆடு அறுத்து ஏழைகளுக்குக் கொடுக்கிறேன்" என்று உப்பளக்காரர் ஒருவர் நேர்ந்து கொள்கிறார் என்று வையுங்கள். அதே நேரத்தில் கழுவேலி ஏரிப் பக்கத்து விவசாயி மழை கேட்டுக் கையேந்தி நிற்பார். இவருடைய ஆட்டுக்காக அவருடைய மழையை ரப்புல் ஆலமீன் நிறுத்தி வைப்பான் என்று எண்ணலாமா? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்று எத்தனை பேர் எதையெதை நேர்ந்திருப்பார்கள்!

ஆக, நபியவர்கள் வெறுத்தது படைத்தவனிடம் விலை பேசும் மனத்தை. குர்ஆன் புகழ்வது கொடுத்த வாக்கைக் காக்கும் மனத்தை. மழை வராமலிருந்தது ஆட்டுக்குக் கிடைத்த கூலியன்று. ஆயினும் அல்லாஹ்வின் பெயரால் சொன்ன சொல் சொன்னதுதான், அந்த ஆட்டைக் கொடுத்தே தீரவேண்டும்.

இங்கேதான் நாம் அஞ்சுகிற இடம் வருகிறது. உப்பு விற்றுப் பணம் வந்துவிட்டது. ஆடு வாங்கவும் தயார். ஆனால் முழங்கால் வரை உப்புநீரில் நின்று வாரிய ஆண்களுக்கும் கூடை சுமந்த பெண்களுக்கும் கூலி பாக்கி. மழை மாதங்களில் அவர்களுக்கு உப்பளத்தில் வேலையும் இல்லை. எது முந்தும்? நாள் குறிக்காமல் நேர்ந்த நேர்ச்சையைச் சற்றுப் பிந்திச் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. கூலிக்கு அந்த இடம் இல்லை. வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் நபிமொழியே. கூலியை நிறுத்தி வைத்து ஆடறுப்பவர், பிறர் பணத்தில் தம் நேர்ச்சையைத் தீர்க்கிறார் என்றே நாம் சொல்வோம்.

உடலை வருத்திக் கொள்ளும் நேர்ச்சையும் அப்படித்தான். நபி (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக் கொண்டிருக்கையில் அபூ இஸ்ராயீல் என்ற தோழர் நின்றபடியே இருந்தார். உட்காருவதில்லை, நிழலுக்குப் போவதில்லை, பேசுவதில்லை, நோன்பிருப்பேன் என்று அவர் நேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். பேசட்டும், நிழலுக்கு வரட்டும், உட்காரட்டும், நோன்பை மட்டும் முழுமையாக்கட்டும் என்று நபியவர்கள் பணித்தார்கள். வணக்கமானது நின்றது, வெறும் வருத்தம் விழுந்தது. வெயிலில் நிற்பது வணக்கமானால் உப்பளத்துத் தொழிலாளியைவிடப் பெரிய ஆபித் யார்? நாகூருக்குச் செருப்பில்லாமல் நடப்பதாக நேர்ந்து, காலில் கொப்புளத்தோடு திரும்பும் நம் பெண்மக்கள் இந்த ஹதீஸைக் கேட்கட்டும்.

இன்னொன்று. நேர்ந்த ஆட்டின் இறைச்சியில் நேர்ந்தவரோ அவர் பராமரிப்பில் உள்ளவர்களோ உண்ணலாகாது, அது ஏழைகளுக்கு உரியது. ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் இதுவே சட்டம். சம்பந்திகளையும் வசதியுள்ள சிநேகிதர்களையும் அழைத்துப் பிரியாணி போட்டுவிட்டு "நேர்ச்சை தீர்ந்தது" என்று கை கழுவுவதை நாம் பல ஊர்களில் பார்க்கிறோம். விருந்து நன்றாக இருக்கலாம், நேர்ச்சை அப்படியே பாக்கி நிற்கிறது.